வெள்ளிக்கிழமைக்குள் நிலா எழுத வேண்டிய பதில்

சாந்தி: நிலாவுக்கு ஒரு வானொலி நிலையத்தில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. கணக்காளர் வேலையும் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். எல்லோரும் யோசித்து இந்தக் குழுவில் சொல்லுங்கள்.

குகன்: எந்த ஊர், அக்கா?

சாந்தி: இங்கிலாந்தின் மேற்கில், ஹெரிஃபர்ட் பக்கம்.

குகன்: அவ்வளவு தூரமா? வேண்டாம்.

அம்மம்மா: சனிக்கிழமை திவசத்துக்கு வாழையிலை யார் வாங்குவது?

வசந்தி: அண்ணா, ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். வானொலித் தொகுப்பாளர் ஜேன் கார்வி தொடங்கியதும் அந்தப் பக்கம்தான். லிவர்பூல் பக்கத்துப் பெண், பர்மிங்காமில் ஆங்கிலம் படித்தவர். பிபிசி ஹெரிஃபர்ட் அண்ட் வுஸ்டர் என்ற உள்ளூர் நிலையத்தில் செய்தியாளராகச் சேர்ந்து, அங்கேயே காலை நிகழ்ச்சிக்கு வந்தார். 1994 மார்ச் 28 அன்று பிபிசியின் ஃபைவ் லைவ் வானொலி தொடங்கியபோது முதலில் ஒலித்த குரல் அவருடையது. சின்ன நிலையத்தில்தான் எல்லா வேலையும் கைக்குப் பழகும்.

பிரதீபன்: யார் அவர், மாமி?

வசந்தி: நீ கேட்ட குரல்தான், தம்பி. பள்ளிவிட்டு உன்னை அழைத்து வரும்போது லண்டன் நார்த் சர்குலர் சாலையில் நெரிசலில் நிற்போமே, மீடியம் வேவ் 909-இல் கூடத் தொகுத்த பீட்டர் அலனோடு மல்லுக்கு நிற்பார். சுரங்கப்பாதையில் குரல் அறுந்தால் நீயே குமிழைத் திருகுவாய்.

பிரதீபன்: சிவப்பு கார்! ஞாபகம் இருக்கிறது.

குகன்: இந்தக் காலத்தில் வானொலியை யார் கேட்கிறார்கள்?

வசந்தி: அவர் வானொலியோடு நின்றுவிடவில்லையே. 2007-இல் பிபிசியின் பெண்கள் நிகழ்ச்சியான வுமன்ஸ் ஹவருக்குப் போனார், 2020 கடைசிவரை அங்கே இருந்தார். அதற்கிடையில் 2017-இல், ஐம்பது வயதைத் தாண்டி, இன்னொரு தொகுப்பாளர் ஃபீ குளோவரோடு ‘ஃபார்ச்சுனேட்லி’ பாட்காஸ்ட் தொடங்கினார். இரண்டு தோழிகள் அடுப்படியில் கதைப்பதுபோல் இருக்கும். 2022-இல் இருவரும் டைம்ஸ் ரேடியோவுக்கு மாறினார்கள். அங்கே ‘ஆஃப் ஏர்’ என்ற பாட்காஸ்ட். கேட்பவர்கள் செல்பேசிக்குப் போனார்கள், இவரும் கூடவே போனார்.

குகன்: சம்பளம்?

வசந்தி: அதையும் கேட்டவர்தான். 2017-இல் பிபிசி பெரிய சம்பளக்காரர்களின் பட்டியலை வெளியிட்டபோது, ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு என்று நாடே பார்த்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டுத் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களைத் திரட்டியவர் இவர்.

குகன்: அப்பா உன்னை வானொலிக் குரல் தேர்வுக்கு விடவில்லை என்ற கோபத்தை இந்தப் பிள்ளையின் தலையில் இறக்காதே.

வசந்தி: கோபம் இருக்கிறது, அண்ணா. அந்த அழைப்புக் கடிதம் இன்னும் என் தையல் பெட்டியில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அம்மம்மா: திவச வாரத்தில் அப்பாவைப் பற்றி இப்படிப் பேச வேண்டாம்.

அம்மம்மா: அந்தக் கடிதத்தை நீ எறிந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

பிரதீபன்: வாழையிலை நான் வாங்குகிறேன். எத்தனை?

அம்மம்மா: முப்பது. கிழியாததாகப் பார்.

நிலா: மாமா, பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் அறை வாடகைக்குப் போதாது.

குகன்: எவ்வளவு குறைகிறது?

நிலா: உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

குகன்: அனுப்பு. சனிக்கிழமை வீட்டில் பேசலாம்.

சாந்தி: வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்?

அம்மம்மா: பிரதீபன், கத்தரிக்காயும் சேர்த்து வாங்கு.