மறு: ‘ஃப்யூச்சர் ப்ரூஃப்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘வாட்டர் ப்ரூஃப்’ நீர்க்காப்பு என்றால் இதை ‘எதிர்காலக்காப்பு’ என்றே வைத்துவிடலாமே?

குழுவினருக்கு வணக்கம்.

நீரை உள்ளே விடாமல் தடுக்கலாம். எதிர்காலத்தைத் தடுக்கிற கணினி ஏது?

போன சனிக்கிழமை பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் மகனுக்காக கேமிங் கணினி விலை கேட்டுக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் ஆரம்பித்த கடைக்காரர், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தமிழுக்கு மாறிவிட்டார். எதைத் தொட்டாலும் “ஃப்யூச்சர் ப்ரூஃப் சார், அஞ்சு வருஷம் உழைக்கும்” என்றார். அந்த ‘உழைக்கும்’ அருமையான சொல். செருப்புக்கும் சைக்கிளுக்கும் நாம் சொல்வதுதான். ஆனால் கெடாமல் இருக்கும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நாம் தேடுவது, பின்னால் வளர இடம் விட்டு வாங்குவதற்கான சொல்.

சீருடை தைக்கக் கொடுக்கும்போது அம்மா தையல்காரரிடம், “வளர்ற பிள்ளை, கீழே மடிச்சு விட்டுத் தைங்க” என்பார். அடுத்த ஜூனில் மடிப்பைப் பிரித்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். அதனால் என் பரிந்துரை: வளர்மடிப்பு.

2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) உள்ள தாய்ப்பலகையில் (மதர்போர்டு) ரைசன் 5 1600 ப்ராசஸரைப் போட்டு வாங்கியவர்களில் பலர், பலகையிலுள்ள பயாஸ் என்கிற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரை அதே பலகையில் பொருத்தினார்கள். ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் கோர்கள் ஆறிலிருந்து எட்டாயின. பலகையும் ரேமும் அப்படியே இருந்தன. அதே 2017 ஜனவரியில் இன்டெலின் ஐ7-7700கே ப்ராசஸர் வாங்கியவரும் ஏமாளி அல்ல, அன்றைக்கு கேமிங்குக்கு அதற்குத்தான் பெயர். அக்டோபரில் ஆறு கோருடன் 8700கே வந்தது. சாக்கெட்டில் அதே 1151 ஊசிகள்தான், ஆனால் அவருடைய பலகை அதை ஏற்காது. பட்டுத்துணி, மடிப்பு மட்டும் இல்லை! ‘காப்பு’ என்று சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். விலை கூடினால் காப்பும் கூடும் என்று தோன்றிவிடும்.

சொல் குட்டி போடுகிறதா என்றும் பார்த்தேன். போடுகிறது. 550 வாட் போதும் என்கிற இடத்தில் 850 வாட் பவர் சப்ளை வாங்கினால் மடிப்பு விடுதல். பிறகு ப்ராசஸரை மட்டும் மாற்றினால் மடிப்பு பிரித்தல். ஏஎம்4க்கு இப்போது மடிப்பு தீர்ந்துவிட்டது. அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது, ஆக அதில் இன்னும் கொஞ்சம் மீதி.

– அல்சூரிலிருந்து

———

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள். மடிக்கிற போனைத்தான் எல்லோரும் ‘மடிப்பு போன்’ என்கிறார்கள், குழம்பாதா? கிராபிக்ஸ் கார்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? அதிலுள்ள நினைவகத்தைப் பின்னால் கூட்டவே முடியாதே.

– ஜெயநகரிலிருந்து

———

போன் குழப்பத்துக்காகத்தான் முன்னால் ‘வளர்’ வைத்தேன் அம்மா. வெறும் ‘மடிப்பு’ என்று சுருக்கினால் நீங்கள் சொல்வது நடக்கும்.

இரண்டாவதற்குத் தோற்றுப்போகிறேன். கார்டில் பற்றவைத்த 8 ஜிபி கடைசிவரை 8 ஜிபிதான். பிரிக்க அங்கே எதுவும் இல்லை. 1080பி திரையில் விளையாட இன்றைக்கு 8 போதும் என்று தோன்றினாலும், நாளைய, இன்னும் துல்லியமான 1440பி திரையை நினைத்து 12, 16 என்று வாங்குகிறோமே, அது முதல் நாளே தொளதொளவென்று தைத்துக்கொள்வது. அதை வளர்மடிப்பு என்றால் கடைக்காரரின் குழப்பத்தை நாமே தமிழில் செய்ததாகிவிடும். அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘தொளவு’ என்று ஒன்று தோன்றுகிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது, யாராவது காப்பாற்றுங்கள்.

பையன் இன்னும் ‘ஃப்யூச்சர் ப்ரூஃப்’ என்றுதான் சொல்கிறான். ஏஎம்5 பலகையும் 850 வாட்டும் வாங்கியாயிற்று. கார்டு அடுத்த மாதச் சம்பளத்தில்.

– அல்சூரிலிருந்து