மின்தடைக்குப் பிறகு ஒரு சர்வரின் பிஎம்சி மட்டும் காணாமல் போகிறது: நெட்வொர்க் அமைப்பில் எங்கே பிழை?

கேள்வி: மூன்றாம்_ரேக்

அனைவருக்கும் வணக்கம். என் பொறுப்பில் உள்ள மூன்று ரேக் சர்வர்களைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்க வேண்டியிருப்பதால், அவற்றின் மதர்போர்டில் உள்ள பிஎம்சி (சர்வர் அணைந்திருந்தாலும் அதைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் தனிச் சிறு கணினி) ஒவ்வொன்றுக்கும் நிலையான ஐபி முகவரி கொடுத்து வைத்திருக்கிறேன். நிர்வாகத்துக்கென்று தனியாக விலேன் 30 (ஸ்விட்சில் எண் கொடுத்துப் பிரிக்கப்பட்ட வலை) இருக்கிறது, முகவரிகள் 10.20.30.11, 12, 13. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. சர்வர்களின் வழக்கமான போக்குவரத்து விலேன் 10-இல், வேறொரு ஸ்விட்ச் வழியாகச் செல்கிறது. நான் விபிஎன் மூலம் 10.20.50.0 வலையிலிருந்து உள்ளே வருகிறேன்.

சென்ற வாரம் பராமரிப்புக்காக ரேக் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தி, சுமார் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் கொடுத்தார்கள். மூன்று சர்வர்களும் ஒழுங்காக எழுந்துவிட்டன; எஸ்எஸ்ஹெச் வழியே நுழைய முடிகிறது. ஆனால் இரண்டாம் சர்வரின் பிஎம்சி அன்றிலிருந்து எங்கிருந்து பிங் செய்தாலும் பதில் தருவதில்லை. அந்த சர்வருக்குள் நுழைந்து, ஐபிஎம்ஐடூல் (பிஎம்சியுடன் ஐபிஎம்ஐ நெறிமுறையில் பேசும் கட்டளைக் கருவி) கொண்டு சேனல் 1-இன் லேன் விவரங்களை எடுத்துப் பார்த்தேன். முகவரி 10.20.30.12, மாஸ்க் சரி, கேட்வே (வேறு வலைகளுக்குச் செல்லும் வாயில்) 10.20.30.1, முகவரி வகை ஸ்டாட்டிக், விலேன் முடக்கம் என்று எல்லாமே நான் முன்பு கொடுத்தபடிதான் இருக்கின்றன. நிர்வாக போர்ட்டில் கேபிள் செருகப்பட்டிருப்பதையும் விளக்கு எரிவதையும் டேட்டா சென்டர் பணியாளர் நேரில் பார்த்து உறுதிப்படுத்தினார்.

மூன்றாம் சர்வர் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதன் சிக்கல் வேறு. விலேன் 30-க்குள் இருக்கும் ஒரு கணினியிலிருந்து அதன் பிஎம்சி வலைப்பக்கம் திறக்கிறது, விபிஎன் வழியே வந்தால் திறப்பதில்லை. ஃபயர்வாலில் மூன்றுக்கும் ஒரே விதிதான்.

பிஎம்சியை ரீசெட் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் இரண்டாம் சர்வரில் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருப்பதால், அந்தக் கட்டளை சர்வரையும் சேர்த்து வீழ்த்திவிடுமோ என்ற அச்சத்தில் கையை வைக்காமல் இருக்கிறேன்.

பதில் 1: நள்ளிரவு_நிர்வாகி

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். மூன்றாம் சர்வரில் கேட்வே 0.0.0.0 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சப்நெட்டில் இருப்பவருக்குப் பதில் அனுப்பக் கேட்வே தேவையில்லை, 10.20.50-இலிருந்து வருபவருக்குப் பதில் அனுப்பும்போதுதான் வழி தெரியாமல் பிஎம்சி பாக்கெட்டை விட்டுவிடுகிறது. உங்கள் கோரிக்கை ஃபயர்வாலைத் தாண்டிப் பிஎம்சி வரை போய்ச் சேர்ந்திருக்கும், பதில்தான் திரும்பியிருக்காது. சர்வரின் இயங்குதளத்தில் கேட்வே சரியாக இருப்பது இதற்கு உதவாது, ஏனெனில் பிஎம்சி அந்தப் பெட்டிக்குள் குடியிருக்கும் இன்னொரு கணினி. அதற்குத் தனி மேக் முகவரி (நெட்வொர்க் இடைமுகத்தின் வன்பொருள் அடையாளம்), தனி வழித்தட அட்டவணை எல்லாம் உண்டு.

ரீசெட் பற்றிய அச்சம் வேண்டாம். ஐபிஎம்ஐடூலில் 'எம்சி ரீசெட் கோல்டு' என்பது பிஎம்சியை மட்டுமே மறுதொடக்கம் செய்கிறது. இயங்குதளமும் தரவுத்தளமும் அதை உணரமாட்டா. மின்விசிறிகளைக் கட்டுப்படுத்துவதும் பிஎம்சிதான் என்பதால், அது எழுந்து வரும் ஓரிரு நிமிடங்களுக்கு அவை முழு வேகத்தில் இரையக்கூடும். அருகில் யாராவது நின்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 'சாசி பவர்' என்று தொடங்கும் கட்டளைகள்தான் சர்வரையே அணைப்பவை; இரண்டையும் குழப்பிக்கொண்டு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ரீசெட் செய்வதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். செய்துவிட்டால் தடயம் அழிந்துவிடும். பல மதர்போர்டுகளில் பிஎம்சியின் லேன் இடைமுகத்துக்கு மூன்று முறைகள் உண்டு: தனி போர்ட்டை மட்டும் பயன்படுத்துவது, சர்வரின் வழக்கமான போர்ட்டான லேன் 1-ஐப் பகிர்ந்துகொள்வது, ஃபெயில்ஓவர். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே மூன்றாவது முறையில் இருக்கும் போர்டுகள் உண்டு. அந்த முறையில் பிஎம்சி எழும்போது தனி போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் லேன் 1-க்குத் தாவிவிடுகிறது. பிறகு தனி போர்ட்டில் லிங்க் வந்தாலும் திரும்பிப் பார்க்காத போர்டுகள் உண்டு.

உங்கள் ரேக்கில் மின்சாரம் திரும்பிய கணத்தை நினைத்துப் பாருங்கள். சர்வரின் பவர் சப்ளைக்கு மின்சாரம் வந்தவுடனேயே, பவர் பொத்தானை யாரும் அழுத்துவதற்கு முன்பே, ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் பிஎம்சி எழத் தொடங்குகிறது. நிர்வாக ஸ்விட்சும் அதே நொடியில்தான் எழத் தொடங்கியிருக்கும். அது தன் மென்பொருளை ஏற்றிச் சோதனைகளை முடித்து போர்ட்டுகளைத் திறக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அதற்குள் பிஎம்சி முடிவெடுத்துவிடும். இப்போது பணியாளர் பார்த்த விளக்கு, ஸ்விட்ச் எழுந்த பிறகு வந்த விளக்கு.

உறுதிசெய்யும் வழி இது. லேன் விவரங்களில் பிஎம்சியின் மேக் முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, விலேன் 10 ஸ்விட்சில் இரண்டாம் சர்வரின் லேன் 1 செருகப்பட்டிருக்கும் போர்ட்டின் மேக் அட்டவணையைப் பாருங்கள்.

மூன்றாம்_ரேக்

மிக்க நன்றி. மூன்றாம் சர்வரில் கேட்வே 0.0.0.0 என்றுதான் இருந்தது, 10.20.30.1 என்று மாற்றியவுடன் விபிஎன் வழியே பக்கம் திறந்துவிட்டது.

இரண்டாம் சர்வருக்கு நீங்கள் சொன்னதும் சரிதான். விலேன் 10 ஸ்விட்சில் அந்த ஒரே போர்ட்டில் இரண்டு மேக் முகவரிகள் தெரிந்தன: ஒன்று சர்வருடையது, மற்றது பிஎம்சியுடையது. 10.20.30.12 என்ற முகவரியை வைத்துக்கொண்டு அது தனக்குச் சம்பந்தமில்லாத விலேன் 10-க்குள் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது. விலேன் 30-இல் கேட்வே அதைத் தேடி ஏஆர்பி (இந்த ஐபி யாருடையது என்று கேட்கும் அழைப்பு) அனுப்பியபோதெல்லாம் யாரும் பதில் சொல்லாததில் வியப்பில்லை.

இப்போது ரீசெட் செய்துவிட்டுத் தனி போர்ட் முறைக்கு மாற்றிவிடுவதா, வேறு வழி இருக்கிறதா?

பதில் 2: கம்பிச்சுருள்

தனி போர்ட்டுக்கு மட்டும் கட்டிப்போடுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த ஒரு கேபிளோ நிர்வாக ஸ்விட்சோ பழுதானால் தொலைநிர்வாகம் மொத்தமாகப் போய்விடும். ஃபெயில்ஓவரை அப்படியே விட்டுவிட்டு, பிஎம்சியில் விலேன் எண்ணை 30 என்று கொடுத்து, இரண்டு ஸ்விட்ச் போர்ட்டுகளையும் விலேன் 30 டேக் (விலேன் எண்ணைச் சொல்லும் குறி) உடன் கடந்து செல்லும் டிரங்க் போர்ட்டுகளாக மாற்றினால், அது எந்தப் பக்கம் தாவினாலும் சரியான வலையிலேயே இருக்கும்.

இதைச் செய்யும்போது வரிசை முக்கியம். பிஎம்சியில் முதலில் விலேன் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஸ்விட்ச் போர்ட்டை ஆக்சஸ் (டேக் இல்லாத, ஒரே விலேனுக்கான) நிலையிலேயே விட்டிருந்தால், டேக் இட்டு வரும் ஃப்ரேம்களை ஸ்விட்ச் தள்ளிவிடும். நீங்கள் வலைப்பக்கத்தில் 'சேமி' அழுத்திய நொடியே வெளியே நிற்பீர்கள். எனவே இத்தகைய மாற்றங்களை வலைப்பக்கத்திலிருந்து செய்யாமல், சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து உள்ளிருந்து ஐபிஎம்ஐடூல் மூலம் செய்யுங்கள். அந்தப் பாதை வலையைச் சார்ந்ததல்ல; விலேனைத் தவறாகக் கொடுத்துவிட்டாலும் அதே இடத்திலிருந்து 'ஆஃப்' என்று திருப்பிவிடலாம். உள்ளிருந்து கருவி பிஎம்சியைக் காணவில்லை என்று சொன்னால், பெரும்பாலும் இயங்குதளத்தின் கெர்னலில் ஐபிஎம்ஐ மாட்யூல்கள் ஏறவில்லை என்று பொருள். சேனல் எண் எல்லா போர்டுகளிலும் 1 அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2, 3, 8 என்று வைத்திருப்பவையும் உண்டு.

நள்ளிரவு_நிர்வாகி

கம்பிச்சுருள் சொல்லும் அமைப்பு தாளில் அழகாக இருக்கும். நானும் சில காலம் அப்படித்தான் வைத்திருந்தேன். மூன்றாம்_ரேக் அவர்களே, உங்கள் லேன் 1-உம் லேன் 2-உம் பாண்டிங் (ஒரே இணைப்பாகச் சேர்ப்பது) செய்யப்பட்டிருக்கின்றனவா?

மூன்றாம்_ரேக்

இப்போது இல்லை. ஆனால் அடுத்த மாதம் இரண்டையும் எல்ஏசிபி (ஸ்விட்சும் சர்வரும் பேசிக்கொண்டு கேபிள்களைச் சேர்க்கும் நெறிமுறை) முறையில் இணைக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.

நள்ளிரவு_நிர்வாகி

அப்படியானால் பகிர்வு முறையை மறந்துவிடுங்கள். எல்ஏசிபியில் இரண்டு கேபிள்களையும் ஸ்விட்ச் ஒன்றாகவே கருதுகிறது. பிஎம்சிக்கான ஃப்ரேமை எந்தக் கேபிளில் அனுப்புவது என்பதை முகவரிகளை வைத்து அது போடும் ஹாஷ் கணக்கு தீர்மானிக்கிறது. லேன் 2 வழியே வந்த ஃப்ரேமை, லேன் 1-இல் மட்டும் காது வைத்திருக்கும் பிஎம்சி கேட்காது. இதனால் ஒரு கணினியிலிருந்து திறக்கும் வலைப்பக்கம் பக்கத்துக் கணினியிலிருந்து திறக்காத விசித்திரத்தைப் பார்ப்பீர்கள். அதைவிட மோசமானது, சர்வர் அணைந்திருக்கும்போது எல்ஏசிபி பேச ஆளில்லாததால் பல ஸ்விட்ச்கள் அந்த போர்ட்டுகளையே நிறுத்தி வைத்துவிடும். பிஎம்சி நமக்குத் தேவைப்படுவதே சர்வர் அணைந்து கிடக்கும் நேரத்தில்தானே.

பாண்டிங் இல்லாவிட்டாலும் இயங்குதளம் தன் நெட்வொர்க் டிரைவரை ஏற்றும்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழும். அதே தருணத்தில் தொலைத்திரையில் பூட் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், முக்கியமான இடத்தில் திரை உறைந்துவிடும்.

தனி போர்ட்டுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பிஎம்சியின் தனி போர்ட் பல போர்டுகளில் 1 ஜிகாபிட், பழையவற்றில் 100 மெகாபிட் மட்டுமே. ஸ்விட்சில் வேகத்தைக் கையால் நிர்ணயிக்காமல் ஆட்டோ நெகோஷியேஷனிலேயே விடுங்கள்.

பதில் 3: தனிவலை

இணைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபயர்வாலின் அந்த 'ஒரே விதி' எதை அனுமதிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. லேன் வழி ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623 போர்ட் திறந்திருக்கிறதா?

ஐபிஎம்ஐ 1998-இல் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் 2.0 பதிப்பு 2004-ஐச் சேர்ந்தது. அதன் உள்நுழைவு முறையிலேயே ஒரு குறை இருக்கிறது: பயனர் பெயரை மட்டும் சரியாகச் சொன்னால் போதும், கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கு முன்பாகவே அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷை (நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத மறைகுறியை) பிஎம்சி கேட்டவருக்கு அனுப்பிவிடுகிறது. அதை எடுத்துச் சென்று தன் கணினியில் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். இது 2013-இல் வெளிப்படையாகப் பேசப்பட்டது. நெறிமுறையின் வரையறையிலேயே இருக்கும் குறை என்பதால், 2.0-ஐப் பின்பற்றிக்கொண்டே ஃபர்ம்வேர் புதுப்பிப்பால் இதைத் தீர்க்க இயலாது. கடவுச்சொல்லின் நீளமும் 20 பைட்டுக்கு மேல் போகாது. அந்த 20-ஐயும் பொருளற்ற எழுத்துகளால் நிரப்புங்கள். மூன்று சர்வர்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைக்காதீர்கள். சைஃபர் 0 (சரிபார்ப்பே இல்லாத உள்நுழைவு முறை) இயங்கும் நிலையில் இருந்தால், கடவுச்சொல் எதுவாக இருந்தாலும் உள்ளே விடும். அதை உடனே மூடிவிடுங்கள்.

என் அமைப்பில் விலேன் 30-க்குள் ஒரு சிறிய இடைநிலைக் கணினி மட்டுமே வெளியிலிருந்து எட்டக்கூடியது. அதன் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியே பிஎம்சியின் வலைப்பக்கப் போர்ட்டான 443-ஐ என் கணினிக்குக் கொண்டுவருகிறேன். பழைய போர்டுகளில் தொலைத்திரைக்கு 5900 போன்ற தனி போர்ட் தேவைப்படும். அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்ஹெச் சுரங்கம் டிசிபியை மட்டுமே கடத்தும் என்பதால் 623 அதன் வழியே வராது. ஐபிஎம்ஐடூலை அந்த இடைநிலைக் கணினியிலேயே ஓட்டிவிடுவேன். உங்கள் போர்டுகளில் ஐபிஎம்ஐக்கு மாற்றான ரெட்ஃபிஷ் இருந்தால், 2015-இலிருந்து இருக்கும் அந்த முறை ஹெச்டிடிபிஎஸ் வழியாகவே எல்லாவற்றையும் செய்துவிடும். அப்போது லேன் வழி ஐபிஎம்ஐயை முழுவதுமாக அணைத்துவிடலாம்.

கம்பிச்சுருள் சொன்ன உள்வழிப் பாதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சர்வரில் ரூட் (முழு நிர்வாகி) அனுமதி பெற்ற எவரும், பிஎம்சியின் கடவுச்சொல் தெரியாமலேயே அதில் புதிய பயனரைச் சேர்த்துவிட முடியும்.

மூன்றாம்_ரேக்

எல்லாருக்கும் நன்றி. செய்தவற்றை எழுதிவிடுகிறேன்.

இரவு நேரத்தில் இரண்டாம் சர்வருக்குள்ளிருந்து கோல்டு ரீசெட் கொடுத்தேன். தரவுத்தளத்தில் எந்த அசைவும் இல்லை. சுமார் இரண்டு நிமிடங்களில் பிஎம்சி தனி போர்ட்டில் எழுந்து 10.20.30.12-இல் பதில் தந்தது. உடனே அதன் நெட்வொர்க் பக்கத்தில் முறையைத் தனி போர்ட் என்று மாற்றிவிட்டேன். மற்ற இரண்டும்கூட ஃபெயில்ஓவர் முறையில்தான் இருந்தன. அவை இதுவரை தப்பியது வெறும் தற்செயல் போலும். அவற்றையும் மாற்றியாயிற்று. ஃபயர்வாலில் 623 திறந்துதான் இருந்தது, இப்போது மூடிவிட்டேன். மூன்று கடவுச்சொற்களும் வெவ்வேறாகிவிட்டன. இரண்டாம் போர்டில் மட்டும் சைஃபர் 0 இயங்கிக்கொண்டிருந்தது.

இது உண்மையில் நிலைக்குமா என்பதை அடுத்த மின்தடை வரை காத்திருக்காமல் சோதிக்க ஏதேனும் வழி உண்டா?

நள்ளிரவு_நிர்வாகி

மூன்றாம் சர்வரில் இன்னும் பணிச்சுமை ஏதும் இல்லையென்றால், அதை அணைத்து இரண்டு பவர் கேபிள்களையும் கழற்றச் சொல்லுங்கள். நிர்வாக ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, சர்வருக்கு முதலில் மின்சாரம் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்விட்சை இயக்கச் சொல்லுங்கள். அன்று நடந்த பந்தயத்தில் ஸ்விட்சை வேண்டுமென்றே தோற்கடிக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்றாம்_ரேக்

செய்து பார்த்தோம். ஸ்விட்ச் எழுந்து போர்ட் திறந்ததும் 10.20.30.13 பதில் தரத் தொடங்கிவிட்டது. விலேன் 10 ஸ்விட்சில் அந்த சர்வரின் போர்ட்டில் இப்போது ஒரே ஒரு மேக் முகவரிதான் இருக்கிறது.