புதுப்பிப்பு: மருந்து வலை ஏன் பரணுக்குப் போகிறது?

ஒடிசா மலைக்கிராமங்களில் மலேரியாவைத் தடுக்க மருந்து தோய்த்த கொசுவலை கொடுக்கும் திட்டத்துக்கு மதுரையில் இருந்தபடி ஆலோசனை சொல்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு வலை என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தும் பல வீடுகளில் கட்டுவதில்லையே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்ற பதில்தான் கண்ணைத் திறந்தது. மேலூர் பக்கம் எங்கள் அப்பத்தாவிடம் ஒரு வலையைக் கொடுத்துப் பார்த்தேன். "முற்றத்துல ஆணி எங்கிட்டுடா அடிக்கிறது?" என்றார். பிறகு பழைய சேலைக் கரையைக் கிழித்துத் திரித்து, இரண்டு முனையை வேப்பமரத்திலும் இரண்டை ஜன்னல் கம்பியிலும் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டார். ஒவ்வொரு வலையோடும் கயிறும் ஆணியும் சேர்த்துக் கொடுங்கள் என்று திட்டத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன், ஒப்புக்கொண்டார்கள். ரொம்ப சந்தோஷம்.

முகம் எரிகிறது என்பது அடுத்த புகார். புது வலையைப் பிரித்து ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டால் அது குறையும். துவைக்கச் சாதாரண சோப்பு போதும், வெயிலில் காயப்போட வேண்டாம். கண்மாயிலோ ஆற்றிலோ அலசவே கூடாது. வலையில் உள்ள பைரித்ராய்டு என்ற கொசுக்கொல்லி மருந்து மீனைக் கொல்லும்.

சரி, மதுரைக்கும் வலை கொடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்ற கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். இங்கே முதல் வேலை தொட்டி மூடிதான். டெங்குக் கொசு பகலில் கடிப்பதால், பகலில் தூங்கும் குழந்தைக்குக் கட்டாயம் வலை கட்டுங்கள்.