008080 பச்சையா? ‘மூணு வரி கோடு’ நண்பருக்கு ஒரு கேள்வி

அரைப்புள்ளி:
நேத்து இன்னொரு இழையில பைட்பாண்டி எழுதினது இது: “சேலைக்கடைத் தளத்துக்கு உட்கார்ந்து நிறப்பெயர்ப் பட்டியல் போடுறது வெட்டி வேலை. ஏபிஐ (நம்ம நிரல் இன்னொரு சேவைகிட்ட இணையம் வழியாக் கேட்டுப் பதில் வாங்குற வழி) இருக்கு, மூணு வரி கோடு (நிரல்) போதும். 008080 அனுப்பினா டீல்னு (teal) வருது. டீல்னா மயில்கழுத்துப் பச்சை. முடிஞ்சது.”
முடிஞ்சுதாமே! 008080ங்கிறது திரையில ஒரு நிறத்துக்கான ஹெக்ஸ் எண், அதாவது பதினாறடிமான எண். ரெண்டு ரெண்டு இலக்கமா சிவப்பு, பச்சை, நீலம்; ஒவ்வொண்ணும் 0-ல இருந்து 255 வரைக்கும். இதுல சிவப்பு 0, பச்சை 128, நீலம் 128. ரெண்டும் சமம். பச்சை எப்படி ஜெயிச்சுது? நடுவர் யாரு?

பைட்பாண்டி:
அண்ணே, காலங்காத்தாலயேவா? நான் சொன்னது தி கலர் ஏபிஐ. ஹெக்ஸ் எண்ணை அனுப்பினா ஜேசன்ல (நிரல் சுலபமாப் படிக்கிற எழுத்து வடிவம்) பேர் வருது, பட்டியல்ல அதுக்குப் பக்கத்துல இருக்கிற எண் வருது, அச்சு அசலாப் பொருந்துதா, இல்லன்னா தூரம் எவ்வளவுன்னும் வருது. கீ (அனுமதிக் குறியீடு) வேண்டாம், காசு வேண்டாம். கடைக்காரர் சந்தோஷமா இருக்கார். உங்களுக்கு எங்க வலிக்குது?

அரைப்புள்ளி:
128-லயும் 128-லயும் வலிக்குது.

கோப்பித்தூள்:
பாண்டி, அதே ஏபிஐக்கு 12, 122, 121 அனுப்பிப் பாருங்க. ‘சர்ஃபி கிரீன்’னு வரும். உங்க டீலையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. ஒண்ணு டீல், ஒண்ணு அலைச்சறுக்குப் பச்சை. அந்தப் பேரெல்லாம் சிராக் மேத்தா 2007-ல வெளியிட்ட பட்டியலோடது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல இருக்கு, பெயிண்ட் பேரு, கிரேயான் பேருன்னு கலந்து கட்டி. அதுல ‘ராஸ்மடாஸ்’னு ஒரு ரோஸ். முகூர்த்தச் சேலை எடுக்க வந்த அத்தைகிட்ட “ராஸ்மடாஸ்ல காட்டட்டுமா?”ன்னு கேட்டுப் பாருங்க.

செந்தமிழ்ச்சேவகன்:
முதலில் ‘ஏபிஐ’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டாவது, நிறமா வண்ணமா என்று முடிவு செய்யாமல் இவ்விவாதம் எப்படி நகரும்?

பைட்பாண்டி:
சேவகன் ஐயா, நீங்க போன வருஷம் ‘சர்வர்’னு எழுதினதுக்காக என் இழையையே பூட்ட வெச்சவர். அதை நான் மறக்கல.
கோப்பி: 1,67,77,216 நிறத்துக்கு ஆயிரத்தைந்நூறு பேர்தான்னா பக்கத்துல இருக்கிறதைத்தான் காட்டும். அது போதலன்னா டேவிட் ஏர்னேயோட தொகுப்பு இருக்கு, முப்பதாயிரம் பேருக்கு மேல. அதுக்கும் ஏபிஐ இருக்கு.

அரைப்புள்ளி:
முப்பதாயிரம் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு போதும். 008080. பச்சையா?

ஸ்டாக்குசாமி:
பச்சைதான். கண்ணுக்கு வர்ற வெளிச்சத்துல பச்சையோட பங்கு 0.7152, நீலத்தோடது 0.0722. ஒளிர்வைக் கணக்குப் போடுற சூத்திரத்துலயே இருக்கு. 128-ம் 128-ம் எண்ல சமம், கண்ல கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். படிச்சுட்டு வாங்க.

அரைப்புள்ளி:
அது எவ்வளவு வெளிச்சம்ங்கிற கணக்கு சாமி, என்ன சாயல்ங்கிற கணக்கில்ல. நிறங்களை 360 பாகைக்குச் சுத்தி அடுக்கின சாயல் வட்டத்துல 008080 சரியா 180 பாகைல நிக்குது. பச்சை 120, நீலம் 240. நட்ட நடு! பதினெட்டு வருஷமா வலைப்பக்கம் செய்யறேன், என்கிட்டயே “படிச்சுட்டு வாங்க”வா?

ஸ்டாக்குசாமி:
பதினெட்டு வருஷமா டார்க்கிரேயை கிரேயை விட கருப்புன்னு நினைச்சுட்டு இருந்தவர்தானே நீங்க?

அரைப்புள்ளி:
அதை இங்க எதுக்கு இழுக்கறீங்க? கிரே 128, டார்க்கிரே 169. பேர்ல டார்க், பார்த்தா வெளிறல். ஒண்ணு வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லோட பதினாறு பேர்ல வந்தது, இன்னொண்ணு எக்ஸ்11ங்கிற யூனிக்ஸ் சாளர அமைப்போட பட்டியல்ல இருந்து வந்தது, ரெண்டையும் ஒரே பானைல போட்டுக் கிண்டினது நானா? பேரை நம்பாதேன்னு நான் சொல்றதுக்கு இதான் சாட்சி. நீங்களே என் பக்கம் பேசிட்டீங்க, நன்றி.

பைட்பாண்டி:
பேரை நம்பக் கூடாதுன்னா பேரே எதுக்கு? சிஎஸ்எஸ்ல (வலைப்பக்கத்தோட தோற்றத்தை எழுதற மொழி) 663399-க்கு ரெபெக்காபர்ப்பிள்னு பேர். எவனோ காதலி பேரை வெச்சிருக்கான். நாம கேள்வி கேட்டோமா, பயன்படுத்தலையா?

கோப்பித்தூள்:
பாண்டி, காதலி இல்ல. சிஎஸ்எஸ் வல்லுநர் எரிக் மேயரோட மகள் ரெபெக்கா. 2014 ஜூன்ல, அவளோட ஆறாவது பிறந்தநாள் அன்னிக்கே இறந்துட்டா. அவ நினைவா சேர்த்த பேர் அது. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேடியிருக்கலாம்.

பைட்பாண்டி:
தெரியாது. அந்த வரியை எடுத்துடறேன். ஆனா ஏபிஐ பத்தி நான் சொன்னது சொன்னதுதான்.

பாவுநூல்:
வணக்கம். எங்க வீட்ல தறி ஓடுது. மயில்கழுத்துன்னு நாங்க சொல்றது ஒரு நிறத்தை இல்லங்க. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பாவு நீலமும் ஊடை பச்சையும் போட்டா, சேலையை அசைக்க அசைக்க மாறும். அதுக்கு ஒரே ஒரு எண் எப்படிக் கொடுப்பீங்க? போட்டோவுல எந்தப் புள்ளியைத் தொட்டு எண்ணை எடுக்கறீங்களோ அதுதான் வரும். வெங்காயச்சருகும் இதே கதைதான்.

அரைப்புள்ளி:
பாருங்க! தறிக்காரரே சொல்றார், பாதி நீலம் பாதி பச்சைன்னு. 128, 128!

பாவுநூல்:
நான் அப்படிச் சொல்லலங்களே.

செந்தமிழ்ச்சேவகன்:
‘போட்டோ’ அல்ல, ஒளிப்படம்.

ஸ்டாக்குசாமி:
எங்க ஆத்தா நீலத்தையே ஊதான்னுதான் சொல்லும். இங்க்கும் ஊதா, வானமும் ஊதா. இதுக்கு எந்த ஏபிஐ?

கோப்பித்தூள்:
ஊதான்னா வயலட். பாடப்புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

ஸ்டாக்குசாமி:
புத்தகம் போட்டவங்களுக்கு முன்னாடியே எங்க ஆத்தா இருக்கு.

புதுவரவு22:
ஒரு சந்தேகம். ரெண்டாயிரம் சேலைக்கு ஒவ்வொரு தடவையும் ஏபிஐயைக் கூப்பிடணுமா, இல்ல ஒரு தடவை கூப்பிட்டு டேட்டாபேஸ்ல சேமிச்சு வெச்சுக்கலாமா? அந்தச் சேவை நின்னு போச்சுன்னா பேர் வர்ற இடத்துல என்ன காட்டறது?

அரைப்புள்ளி:
ஊதா விவகாரத்துக்குத் தனி இழை போடுங்க, இதைத் திசை திருப்பாதீங்க. பாண்டி இன்னும் பதில் சொல்லல. எக்ஸ்கேசிடிங்கிற (xkcd) இணையச் சித்திரத் தொடர் 2010-ல நடத்தின கருத்துக்கணிப்புல ரெண்டு லட்சத்துக்கும் மேல வந்து லட்சக்கணக்கா நிறப்பேர் எழுதினாங்க. அத்தனை பேர் உட்கார்ந்தும் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல ஒரு கோட்டை எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி போட முடியல. இவர் மூணு வரில போட்டுட்டார்.

பைட்பாண்டி:
நாலு வரி. கடைசி வரில பிழை வந்தா ‘பல நிறம்’னு காட்டச் சொல்லியிருக்கேன். கடைக்காரருக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஸ்டாக்குசாமி:
அண்ணே, திரையோட நிறச் சமன் சரியா இருக்கான்னு முதல்ல பார்த்துக்குங்க. நைட் மோடு போட்டுட்டுப் பேசறீங்களோ என்னமோ.

அரைப்புள்ளி:
நைட் மோடுல பார்த்தாலும் 128, 128தான் சாமி. எண்ணுக்கு ஏதுய்யா நைட் மோடு?

செந்தமிழ்ச்சேவகன்:
இரவுப் பாங்கு.

புதுவரவு22:
யாராவது என் கேள்விக்கு…