திருகோணமலையில் பிசி கட்ட: பி450 மதர்போர்ட்டா, பி550 மதர்போர்ட்டா?

வணக்கம். மொனிட்டர் இல்லாமல் 1,50,000 ரூபாவுக்குள், வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு பிசி. புரொசசர் ரைசன் 5 5600ஜி என்று முடிவாகிவிட்டது, தனிக் கிராபிக்ஸ் கார்ட் பிறகு. அதுவரை புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் பயன்படுத்தும், ரேம் இரண்டாக இருந்தால்தான் அதற்கு வேகம். அதனால் ஒற்றை 16 ஜிபி வேண்டாம், 8 ஜிபி இரண்டு, டிடிஆர்4 3200. எஸ்எஸ்டி இணையும் பிசிஐஇ வழி இந்தச் சிப்பில் 3.0 மட்டும்தான், அதைவிட வேகமான பிசிஐஇ 4.0 (ஜென்4) எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

குழப்பம் போர்ட்டில்தான். பி450 பழைய ஸ்டொக் என்றால் பயோஸ் (போர்ட்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பிக்காமல் 5600ஜி பூட் ஆகாது. திருகோணமலையில் புதுப்பித்துத் தரும் கடை இருக்கிறதா? இல்லையென்றால் பி550தான்.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கவே மாட்டேன்: 550 வாட், 80 பிளஸ் புரோன்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச் சான்று). கேஸோடு சேர்ந்து வருவது வேண்டவே வேண்டாம். கடலோர உப்புக்காற்றுக்கு, தூசி வலையைக் கழற்றிக் கழுவக்கூடிய கேஸ் எது? பாவிப்பவர்கள் சொல்லுங்கள்.