புரோநோட் பணம்: முசிறியா, கரூரா, கோவையா?

கேள்வி (கோவைவாசி):
அப்பா முசிறியில் இருந்தபோது ஒருவருக்கு 60,000 ரூபாய் கொடுத்து, 12 சதவீத வட்டிக்குப் புரோநோட் எழுதி வாங்கினார். எழுதி 2 வருஷம் 10 மாசம் ஆகிறது. ஒரு பைசா திரும்பவில்லை. அவர் இப்போது கரூரில் குடியிருக்கிறார். முசிறிப் பக்கம் அவர் பேரில் அரை ஏக்கர் நிலம் உண்டு. அப்பா எங்களோடு கோவை வந்துவிட்டார். இங்கேயே வழக்குப் போட முடியுமா? பெரிய கோர்ட்டில் போட்டால் சீக்கிரம் முடியுமாமே?

சட்ட மாணவி:
கோவையில் முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 20-ன்படி பிரதிவாதி குடியிருக்கும் ஊர், அல்லது வழக்குமூலம், அதாவது வழக்குக்குக் காரணமான கொடுக்கல் வாங்கல், எழுந்த ஊர். பெரிய கோர்ட்டும் கிடையாது. பிரிவு 15 தெளிவாகச் சொல்கிறது, விசாரிக்கத் தகுதியுள்ள கோர்ட்டுகளில் கீழ்நிலையில்தான் தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் தொகைக்கு மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அதாவது முன்சீப் கோர்ட்.

வக்கீல் குமாஸ்தா, திருச்சி மாவட்டம்:
பாப்பா சொன்னது சரி. தம்பி, முசிறி முன்சீப் கோர்ட்டிலேயே போடுங்கள். கரூரும் செல்லும்தான். ஆனால் டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) கிடைத்ததும் பணம் தானாக வராது, நிறைவேற்று மனு போட்டு நிலத்தை ஜப்தி செய்ய வேண்டியிருக்கும். நிலம் முசிறி எல்லைக்குள் இருக்கும்போது கரூரில் டிக்ரி வாங்கினால், அதை முசிறிக்கு மாற்றி அனுப்பச் சொல்லித் தனியாக ஒரு மனு. இந்த அலைச்சலில் சலித்துப்போய் டிக்ரியைப் பெட்டியில் போட்டு வைத்த பெரியவர்களைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

புரோநோட்டில் எழுதிய ஊர் முசிறி என்று இருக்கிறதா, ரெவின்யூ ஸ்டாம்பு மேல் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்டியோடு இன்றைக்கு 80,400 வரும். கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 2,412 ரூபாய். 2017-க்கு முன்பு இது 7.5 சதவீதம்!

வழக்குப் போடக் கெடு 3 வருஷம், நோட்டுத் தேதியிலிருந்து. தப்பான கோர்ட்டில் போட்டால் பிராதை (வழக்கு மனுவை) திருப்பிக் கொடுப்பார்கள். அங்கே போன காலத்தைக் கழிக்கக் காலவரையறைச் சட்டம் பிரிவு 14 உண்டு. ஆனால் நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தினீர்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.

கோவைவாசி:
நன்றி ஐயா. ஊர் முசிறி என்றே இருக்கிறது. அவர் 5,000 தருகிறேன், வழக்கு வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

வக்கீல் குமாஸ்தா, திருச்சி மாவட்டம்:
தாராளமாக. கெடு முடிவதற்குள் நோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே தேதி போட்டு வரவு எழுதிக் கையெழுத்திடட்டும். அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம். எழுத மறுத்தால் அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.