பெரிய வீட்டுக் குழு: பட்டினத்தாரும் கவிஞரும்

கார்த்தி: பெரியப்பா, ‘வீடுவரை உறவு’ கண்ணதாசன் சொந்தமாக எழுதியதில்லையாம். பட்டினத்தாரிடமிருந்து அப்படியே உருவினார் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. உண்மையா?

அத்தை: உருவினாராம்! பேச்சைப் பார். அண்ணா, நீங்களே இவனுக்குப் பதில் சொல்லுங்கள்.

பெரியப்பா: பாதி உண்மை. மூலத்தைப் போடுகிறேன், வாய்விட்டுப் படி.

பெரியப்பா: அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே, விழியம்பு ஒழுக
மெத்திய மாதரும் வீதி மட்டே, விம்மி விம்மி இரு
கைத்தலமேல் வைத்து அழும் மைந்தரும் சுடுகாடு மட்டே,
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே

மீனா: அத்தம் என்றால் சொத்தா?

பெரியப்பா: ஆமாம் மீனு, பொருள். மட்டே என்றால் ‘வரைதான்’.

கார்த்தி: சினிமாப் பாட்டிலும் வீடு, வீதி, காடு. வரிசைகூட மாறவில்லை. அப்புறம் என்ன, காப்பிதானே 😄

பெரியப்பா: அவசரப்படாதே, நாலாவது அடிக்கு வா. கூடவே வருவது நீ செய்த புண்ணியமும் பாவமும்தான் என்று பட்டினத்தார் விடையையும் சொல்லிவிடுகிறார். கவிஞர் அதே இடத்தில் ‘கடைசிவரை யாரோ’ என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் பட்டினத்தார், அவரிடம் விடை இருக்கும். சினிமாவில் பாடுகிறவன் சம்சாரி. அவனுக்கு எங்கே தெரியும்?

அத்தை: அதனால்தான் அந்த ‘யாரோ’வில் டி.எம்.எஸ். குரல் அப்படி இழைகிறது. அந்தப் பாட்டு வந்த படம் பாத காணிக்கை, 1962. அதே வருஷம் அவர் பட்டினத்தாராகவே நடித்து ஒரு படமும் வந்தது, தெரியுமா?

கார்த்தி: டி.எம்.எஸ். நடித்தாரா!!

மீனா: எனக்கு ஒரு சந்தேகம் பெரியப்பா. கண்ணதாசன் அதற்கு முன்னால் நாத்திகம் பேசியவர் இல்லையா? அவருக்கு எப்படி இதெல்லாம்?

பெரியப்பா: நாத்திகருக்குச் சித்தர்கள் அந்நியம் என்று யார் சொன்னது? ‘நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்’ என்ற சிவவாக்கியர் பாட்டைப் பகுத்தறிவு மேடையிலும் கேட்கலாம். அங்கே முதல் பாதிக்குக் கைதட்டல், பக்தர்களிடம் இரண்டாம் பாதிக்கு. கவிஞர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர். பின்னால் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதியபோது பட்டினத்தாரை விடவே இல்லை.

கார்த்தி: சரி, பட்டினத்தார் நேராகவே சொல்கிறார், எனக்கே புரிகிறது. சித்தர் பாட்டு எல்லாம் மறைபொருள் என்கிறார்களே?

பெரியப்பா: ‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’ தெரியும் அல்லவா? கடுவெளிச் சித்தர். சின்னப் பிள்ளைகள் பாடுகிற மாதிரி இருக்கும். ஆண்டி நம் உயிர், குயவன் படைத்தவன், தோண்டி இந்த உடம்பு. ‘நாலாறு மாதமாய்’ குயவனை வேண்டினான் என்றால் இருபத்து நான்கு என்று பெருக்கக் கூடாது. நாலும் ஆறும் பத்து, கர்ப்பகாலம். அப்படிக் கெஞ்சி வாங்கியதைத்தான் கூத்தாடிக் கூத்தாடிப் போட்டு உடைக்கிறான்.

மீனா: ஐயோ, இதை நான் பள்ளிக்கூடத்தில் ஆடிக்கொண்டே பாடியிருக்கிறேன் 🙈

பெரியப்பா: பாம்பாட்டிச் சித்தரின் பாம்பு குண்டலினி, உடம்புக்குள் சுருண்டு உறங்குவதாக யோகிகள் சொல்லும் சக்தி. அந்த யோக சமாசாரத்தைக் கவிஞர் சினிமாவுக்குள் அதிகம் இழுக்கவில்லை, நல்லதுதான். விடுகதை போடும் அந்தப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆலயமணி படப் பாட்டைக் கேட்டுப் பார், அதுவும் 1962தான். ‘எறும்புத் தோலை உரித்துப் பார்க்க யானை வந்ததடா.’

அத்தை: ‘சட்டி சுட்டதடா’! எத்தனை தடவை பாடியிருப்பேன், எறும்புக்குள் யானை எப்படி என்று யோசித்ததே இல்லை அண்ணா.

பெரியப்பா: அடுத்த அடியைப் பாடு.

அத்தை: ‘என் இதயத் தோலை உரித்துப் பார்க்க ஞானம் வந்ததடா.’ அட!

கார்த்தி: முடிச்சைப் போட்டு அவரே அவிழ்த்தும் விடுகிறார். அங்கே பட்டினத்தார் சொன்ன விடையை மறைத்தார், இங்கே சித்தர் சொல்லாமல் விடுகிற விடையைச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா: அப்படிக் கேள். சித்தர் பாட்டுக்குக் குருவிடம் போய் உட்கார வேண்டும். தியேட்டரில் குரு ஏது? பாட்டு முடிவதற்குள் புரிந்தாக வேண்டும்.

மீனா: சித்தர் சொல்லாமல் விட்டது ஒன்று அனுப்புங்கள் பெரியப்பா, நாங்கள் அவிழ்க்கிறோம்.

பெரியப்பா: குதம்பைச் சித்தர். ‘மாங்காய்ப்பால் உண்டு மலைமேல் இருப்போர்க்குத் தேங்காய்ப்பால் ஏதுக்கடி.’ யோகத்தில் ஊறும் அமுதம் மாங்காய்ப்பால். மலையை நீங்கள் சொல்லுங்கள்.

கார்த்தி: பழநியா?

பெரியப்பா: உச்சந்தலைடா.